காற்றோடு சண்டை போடுகிறவனுக்கு

ஸ்டீபா,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கோபம் போனை வைத்த பிறகுதான் வந்தது. "அம்மா, நான் வேலைய வுட்டுட்டு ஊருக்கே வந்துடறேம்மா. இங்க நான் இன்னா பண்ணிகினுகீறேன்? தெனமும் ஒரு மூலைல நின்னு காத்துல கைய வீசினுகீறேன்" என்றாய். நீ விசாகப்பட்டினம் போய் முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. விளையாட்டுக் கோட்டாவில் வேலை கொடுத்த கம்பெனி, பாக்ஸிங் டீமில் இடம் பிடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டது. தேர்வுப் போட்டி அடுத்த மாதம். அதற்குள் பெட்டியைக் கட்டுகிறேன் என்கிறாய். இதற்கான பதிலைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஒன்றும் உள்ளே போகாது. நடுவில் உங்கப்பா போனைப் பிடுங்கி "சாப்ட்டியாடா? இன்னா கொழம்பு?" என்று கேட்பார், அத்தோடு எல்லாம் போச்சு. அதனால்தான் எழுதுகிறேன். இன்று வலைக்கடையில் கூட்டமில்லை. முதலாளியம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். நைலான் கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து, பில் போடும் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கயிற்றைத் திட்டு.

உன் புது மாஸ்டர் சீனியர் பையன்களோடு மட்டும் மெனக்கெடுகிறார், உன் எடையில் இருக்கிற சீனியரை உன்னோடு மோதவிடுவதில்லை, "நீ போய் ஷேடோ பண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார், இதுதானே உன் குறை? நான் அந்த மனிதரைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் நீ ஷேடோ பாக்ஸிங்கை என்னவோ வகுப்பில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிற தண்டனை மாதிரி சொன்னாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடப்பாவி, உனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்தக் காற்றுச் சண்டைதானே! உனக்கு மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். நான் ஒன்றும் பாக்ஸிங் தெரிந்தவள் இல்லை. கொடியில் துணி காயப்போடும் சாக்கில் மாடியில் நின்று ஒரு மாதம் முழுக்கப் பார்த்தவள், அவ்வளவுதான்.

உங்கப்பாவின் கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் அதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஹார்பரில் சிக்னல்மேன் வேலை என்றால் வாய்க்கு வேலையே கிடையாது. கிரேன் ஓட்டுகிறவர் எங்கேயோ உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார், கீழே கத்தினால் கேட்காது, கையைத்தான் பார்ப்பார். விரல் மேலே பார்த்துச் சுழன்றால் தூக்கு, கீழே பார்த்துச் சுழன்றால் இறக்கு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து அசைத்தால் எதுவாக இருந்தாலும் அப்படியே நிறுத்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றால் விரலைச் சுற்றுவார். போதுமென்றால் இரண்டு கையையும் விரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் முகத்தில் படும். உன் சித்தப்பா கல்யாணத்தன்று சர்ச் வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தபோது இவர் பட்டுவேட்டியோடு நடுரோட்டில் நின்று சிக்னல் கொடுத்ததும், லாரி மட்டுமல்ல, பின்னால் வந்த ஆட்டோ, பேண்டு வாத்தியக்காரர்கள், கடைசியில் மாப்பிள்ளை வரைக்கும் நின்றதும் நம் குடும்பத்தில் யாருக்கும் மறக்காது.

அந்தக் கையை வைத்துத்தான் உனக்கு மாடியில் பாக்ஸிங் பழக்கினார். நீ அப்போது பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. பாக்ஸிங் கிளப்பில் சொல்லிக் கொடுத்ததை வீட்டில் செய்து பார்ப்பாய், அவர் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்றுகொண்டு சிக்னல் கொடுப்பார். விரல் மேலே போனால் நீ கீழேயிருந்து தாடைக்குக் குத்த வேண்டும், விரல் இடது பக்கம் போனால் இடது பக்கம் நகர வேண்டும், கை விரிந்தால் நிற்க வேண்டும். நீயும் அவரும் ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் ஆடுவீர்கள். பக்கத்து மாடி மேரியக்கா ஒரு நாள் வடகம் பிழிந்துகொண்டே, "இன்னாமா இது, உம் புருசன் புள்ளைய பெத்தாரா இல்ல கிரேன் ஓட்டறாரா?" என்று கேட்டாள். எனக்கு அதெல்லாம் சிரிப்பாக இருந்ததே ஒழிய அதில் ஒரு கோளாறு இருப்பது தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பார்க்கிற எல்லோரும் அப்பனும் மகனும் எவ்வளவு ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள்.

பல வருஷம் கழித்து அந்த மாவட்ட ஃபைனலில்தான் தெரிந்தது. ஒல்லியாக, பனைமரம் மாதிரி ஒருத்தன், இடது கைக்காரன். பாயிண்டில் நீதான் முன்னால் இருந்தாய். கடைசி ரவுண்டில் அவன் உன்னைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு வந்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த உங்கப்பாவுக்கு, பாரம் ஆள் தலைக்கு மேலே வந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கிறது. சேரைவிட்டு எழுந்து இரண்டு கையையும் விரித்து ஆட்டிவிட்டார். நீயும் நின்றுவிட்டாய்! அந்தக் கயிற்றோரத்திலேயே, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றாய். அவன் ஒரு விநாடி திகைத்துப் போனதை நானே பார்த்தேன். இது ஏதோ தந்திரம் என்று நினைத்திருப்பான் பாவம். அப்புறம் விட்டான் பார் ஒரு குத்து. நடுவர் விரல்விட்டு எண்ணி முடிக்கிறவரை நீ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம், தண்டையார்பேட்டை தாண்டியது. அப்புறம் உங்கப்பா மெதுவாக, "நான் இன்னாடா பண்ணுவேன், அட்ச்சிடப் போறான்னு கை தானா போயிடுச்சி" என்றார். நீ வீங்கிய உதட்டோடு, "நீ நிறுத்துன்ன, நான் நிறுத்திட்டேன்" என்றாய். எனக்கு அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். டிரைவர் என்ன ஏது என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரும் சிரித்தார். அதற்காக ஒரு வாரம் நீ என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போ, தினமும் தட்டில் இருந்த மீனெல்லாம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் கமலி வந்தாள். திருவொற்றியூர் கிளப்புக்குப் புதிதாக வந்த கோச். வியாசர்பாடிப் பொண்ணு, உன்னைவிட ஒரு வயசு சின்னவள். "பொட்டப் புள்ள நமக்கு இன்னா சொல்லிக் குடுக்கறது" என்று உன் தோஸ்துகள் பேசியதும், அதில் ஒருத்தன் அவளோடு கிளவுஸ் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் "மாஸ்டர், மாஸ்டர்" என்று பின்னால் சுற்றியதும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அந்தச் சண்டையின் வீடியோவைப் பார்த்துவிட்டு நேராக நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆண்ட்டி, பையனுக்குக் கை சோக்கா கீது, காலும் பரவால்ல. கண்ணு மட்டும் அப்பாகிட்ட கீது. எதுர்ல நிக்கறவன இவன் பாக்கறதே இல்ல." பிறகு மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குக் கிளப்பில் தொங்குகிற மணல் மூட்டையைக் குத்தக்கூடாது, யாரோடும் மோதக்கூடாது, ஷேடோ மட்டும்தான் என்றாள்.

நீ குதித்தாய். "காத்தோட சண்ட போட நான் இன்னா லூசா?" என்று கேட்டாய். அதற்கு அவள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "மூட்டைய குத்துனா சத்தம் வரும், உனக்கு ஜாலியா இருக்கும். ஆள குத்துனா அவன் திருப்பிக் குடுப்பான், தப்பு தெரிஞ்சிடும். காத்து ஒண்ணும் சொல்லாது. தப்பு பண்ணா நீயே பாத்து நீயே சொல்லிக்கணும். இத்தினி வருசமா உனக்கு அத உங்க நைனா செஞ்சாரு. இப்ப நீ செய்." உங்கப்பாவைத் தொட்டிப் படியிலிருந்து இறக்கி, கைப்பிடிச் சுவரைப் பார்த்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். போனில் மூன்று நிமிஷம் பார்த்து "டைம்" என்று சொல்வது, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி "டைம்" என்று சொல்வது, வேறு ஒரு வேலையும் கிடையாது. "அப்ப நான் சுவத்துக்கு சிக்னல் குடுக்கவா?" என்று அவர் முறைத்துக்கொண்டார். குடுங்க, சுவர் நகர்ந்தால் எனக்குச் சொல்லுங்க என்றாள் அவள். எனக்கு அப்போதே அந்தப் பெண்ணைப் பிடித்துப் போய்விட்டது.

இப்போது கவனமாகப் படி. முதல் ரவுண்டுக்குக் கைக்கு வேலையே இல்லை என்றாள். இரண்டு கையையும் தாடையோரம் ஒட்டவைத்துக்கொண்டு கால் மட்டும் நகர வேண்டும். முன்னால் போகும்போது முன்கால் முதலில், பின்னால் வரும்போது பின்கால் முதலில், பக்கத்தில் போனால் அந்தப் பக்கத்துக் கால் முதலில், எப்போதும் ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டக்கூடாது. உனக்கு அது பச்சைக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி இருந்தது. "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாய். ஆனால் நம் எண்ணூர் மாடி பொய் சொல்லுமா? விடிந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கரியுமாகத் தரை முழுக்க மாவு சலித்ததுபோல் படிந்திருக்குமே. அதன்மேல் நீ ஆடிய ஒவ்வொரு அடியும் அச்சாக இருந்தது. கமலி குனிந்து பார்த்து, இங்க பாரு, இங்க பாரு என்று காட்டினாள். வலது பக்கம் போகும்போதெல்லாம் உன் கால்கள் பின்னிக்கொண்டிருந்தன. அந்த இடது கைக்காரன் உன்னை அந்தப் பக்கமாகத்தானே ஓரம் கட்டினான்! எனக்கே புரிந்துவிட்டது. மறுநாள் பழக்கதோஷத்தில் நான் விடிந்ததும் மாடியைப் பெருக்கிக் கழுவிவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஏதோ பரீட்சைப் பேப்பரை எரித்துவிட்டதுபோல் கத்தினீர்கள். அந்த ஒரு மாதம் மட்டும் நம் மாடியில் அவ்வளவு குப்பை கிடக்க நான் விட்டேன், அதை நீ மறக்கக்கூடாது. அங்கே உன் ஹாஸ்டல் மாடி சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கோலமாவு ஒரு பாக்கெட் வாங்கித் தூவிக்கொள். யாராவது ஏன் என்று கேட்டால் எங்கம்மா சொன்னாள் என்று சொல்.

அடுத்த ரவுண்டில் இடது கை மட்டும். வேகமே வேண்டாம் என்றாள். கை போவதை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பி வருவதைப் பார் என்றாள். நீ குத்திவிட்டுக் கையைக் கீழே விட்டுத்தான் மேலே கொண்டுவருவாய், அந்த இடைவெளியில் ஒரு லாரியே நுழையும். போன வழியே திரும்பித் தாடைக்கு வர வேண்டும், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் மடித்த கைக்குட்டை இருக்க வேண்டும், அது விழுந்தால் தலை தூக்கிவிட்டாய் என்று அர்த்தம். முதல் நாள் அந்தக் கைக்குட்டை தரையிலேயேதான் கிடந்தது. குனிந்து குனிந்து எடுத்ததில் உனக்கு முதுகுப் பயிற்சியும் ஆயிற்று. மூன்றாவது ரவுண்டுக்கு நான் கடையிலிருந்து கொண்டுவந்த வலைக்கயிறு. மாடியின் குறுக்கே உன் தோள் உயரத்துக்குக் கட்டி, அதன் அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டியை மடித்து நுழைந்து நுழைந்து போவாய். இடுப்பை மடிக்காதே, கண்ணைத் தரையில் விடாதே என்று கமலி சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் அது கொடி என்று நினைத்து அப்பாவின் லுங்கியைக் காயப்போட்டுவிட, நீ அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் வெளியே வரத் தெரியாமல் ஆடினாய். மேரியக்கா அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். உன் கல்யாணத்தில் போடுவாளாம்.

ஆனால் அத்தனையிலும் கஷ்டமான ரவுண்டு எது என்று உனக்குத் தெரியும். நாலாவது. அதில் எதிரில் ஆள் இருந்தாக வேண்டும். சும்மா ஒரு ஆள் இல்லை, குறிப்பான ஆள். எவ்வளவு உயரம், எந்தக் கைக்காரன், முன்னால் வருகிறவனா, பின்வாங்கி அடிக்கிறவனா, எல்லாம் ரவுண்டு தொடங்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் ஓய்வு நிமிஷத்தில் அவன் என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்த ரவுண்டு கணக்கில் இல்லை, மறுபடி ஆடு. முதல் நாள் கமலி, "அவன் இன்னா பண்ணான்?" என்று கேட்டாள். "செமையா அடி வாங்கினான்" என்றாய் நீ. "அப்ப அவன் ஒரு அடிகூட அடிக்கலையா? ராசா, நீ சண்ட போடல, டான்ஸ் ஆடின" என்றாள். மூன்று முறை, நான்கு முறை திரும்ப ஆடினாய். எப்போதிலிருந்து அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்த நான், உனக்கு எதிரில் யாரோ நிற்பதுபோல் தோன்றி, சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பனைமரம் நம் மாடியில் நின்றிருந்தான். அவன் கை உன் தலைக்கு மேலே போனதும் நீ முட்டியை மடித்துக் கீழே நுழைந்ததும் எனக்குத் தெரிந்தது. உங்கப்பா சுவரைப் பார்த்தபடியே, "இன்னாடா சத்தமே காணோம், நல்லா ஆடறானா?" என்று என்னைக் கேட்டார். "நல்லா ஆடறான், நீங்க திரும்பாதீங்க" என்றேன்.

கடைசி ரவுண்டு உன் இஷ்டம். எல்லாவற்றையும் கலந்து, ஆனால் மெதுவாக. அதற்காகவே உங்கப்பா கடன் சொல்லி ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கப் பார்த்தார், கமலி வேண்டாம் என்றுவிட்டாள். இவனுக்குக் கண்ணாடி வைத்தால் முடியைத்தான் வாருவான் என்றாள். உண்மைதானே? ஒரு ரவுண்டுக்கு ஒரே ஒரு விஷயம் என்பதை அவள் அழுத்தி அழுத்திச் சொன்னாள். காலும் சரியாக வர வேண்டும், கையும் சரியாக வர வேண்டும், தலையும் நகர வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே ரவுண்டில் திருத்தப் பார்த்தால் எதுவும் திருந்தாது. நீ அங்கே என்ன செய்கிறாய் என்று நான் சொல்லட்டுமா? மாஸ்டர் "ஷேடோ பண்ணு" என்றதும் மூலைக்குப் போய், வியர்வை வரும்வரை கையை வீசிவிட்டு, போனைப் பார்க்கிறாய். அது இல்லை என்று என்மேல் சத்தியம் பண்ணு பார்க்கலாம்.

வேலைக்கான அந்தத் தேர்வு நாளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. பஸ்ஸில் போகும்போதே உங்கப்பா என் காதருகில் வந்து, "என் கைய எனக்கே நம்ப முடியலடி. நீ புட்ச்சிக்கோ" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சர்ச்சுக்குப் போகும்போதுகூட என்னைவிட மூன்று அடி முன்னால் நடக்கிற மனிதர்! அந்த ஹாலில் அத்தனை பேர் நடுவில், நீ ரிங்கில் ஏறியது முதல் அவர் இரண்டு கையையும் என் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் வரிசைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டாவது ரவுண்டில் உன்னை எதிராளி வலது பக்கமாகக் கயிற்றோரம் தள்ளினான். அப்படியே பழைய ஃபைனல் மாதிரி. இவர் கை இரண்டும் என் மடியிலிருந்து மேலே எழும்பிற்று. ஹார்பரில் கிரேனையே நிறுத்துகிற கை அது, என் பலத்துக்கு நிற்குமா? நகத்தை அழுத்திவிட்டேன். "ஐயோ, வுடுடி!" என்று அலறினார். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நீ திரும்பவில்லை. காலைப் பின்னாமல் வலது பக்கம் ஒரு அடி, முட்டியை மடித்து அவன் கைக்கு அடியில் நுழைந்து, வெளியே வந்து, இடது கையால் இரண்டு. அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான், நீ அவன் முதுகுப் பக்கம் நின்றாய். நீ எங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை ஸ்டீபா. எனக்குப் பெருமை பொங்கியது, நெஞ்சில் ஒரு மூலையில் சுருக்கென்றும் இருந்தது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மணிக்கட்டில் என் நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. "எம்புள்ள வேல வாங்கனப்ப பட்ட காயம்" என்று ஹார்பர் கேன்டீனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, இப்போது இன்று காலையில் நடந்த கூத்தைக் கேள். நேற்று நீ பேசியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்படி என்னதான் கஷ்டம், நாமே ஒரு ரவுண்டு ஆடிப் பார்ப்போம் என்று உங்கப்பா வேலைக்குக் கிளம்பியதும் மாடிக்குப் போனேன். நைட்டியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, போனில் மூன்று நிமிஷம் வைத்தேன். அடேயப்பா, மூன்று நிமிஷம் என்பது அவ்வளவு நீளமா? சோறு வடிப்பதற்கும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை போல் இருந்தது. காலை மட்டும் நகர்த்துகிற அந்த முதல் ரவுண்டை ஆடினேன், திரும்பிப் பார்த்தால் சாம்பலில் கோழி கிளறியதுபோல் இருந்தது. மேரியக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாமா, யார அடிக்கப் போற? உம் புருசன் அப்பவே பூட்டாரே!" என்று கத்தினாள். அவளையும் வா என்றேன். வரமாட்டேன், முட்டி வலி என்றாள்.

நாலாவது ரவுண்டுக்கு ஆள் வேண்டுமே. முதலில் நம் சிலிண்டர் போடுகிறவனை நிறுத்தினேன். நன்றாகவே வாங்கிக்கொண்டான். அப்புறம் கடை பாக்கி வைத்து ஓடிப்போன ஒரு மீன்படகுக்காரன். அவனுக்கும் இரண்டு வைத்தேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றேன். தொட்டிப் படி காலியாக இருந்தது, ஸ்டூல் காலியாக இருந்தது, கயிறு அப்படியே கட்டியபடி இருந்தது, நான் அவிழ்க்கவில்லை. அந்த மாடி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. போனில் மணி அடித்தும் நான் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர். சாம்பல் பட்டுவிட்டது என்று மேரியக்காவிடம் சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ, வடகத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் உன் விஷயம் எனக்குப் புரிந்தது. உனக்கு அங்கே கையும் மோசமில்லை, காலும் மோசமில்லை. உன் எதிரில் நிற்பதற்கு நீ ஒருவனையும் வரச் சொல்லவில்லை, அதனால் வீட்டு ஞாபகம் வந்து நின்றுகொண்டது. தினமும் அதனிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாய். அதற்கு உயரமும் கிடையாது, இடது கை வலது கையும் கிடையாது. அதோடு மோதி யாரும் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான்கூட இன்று காலையில் அதனிடம் தோற்றுவிட்டுத்தான் கடைக்கு வந்தேன். ஆகவே அதோடு மோதாதே. அந்த டீமில் உன் எடையில் இப்போது இருக்கிறவன் யார்? அவனைப் போய்ப் பார். அவன் எந்தக் காலில் நிற்கிறான், களைத்துப்போனால் எந்தக் கை இறங்குகிறது, குத்துவதற்கு முன்னால் மூச்சை எப்படி இழுக்கிறான், எல்லாம் பார். அவன் ஆடும்போது உன்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லையே? பார்த்துவிட்டு வந்து அவனை உன் மாடியில் நிறுத்து. முடிந்ததும் அவன் என்ன செய்தான் என்று வாய்விட்டுச் சொல். தமிழிலேயே சொல், அங்கே யாருக்கும் புரியாது, நிம்மதியாகத் திட்டலாம். நம் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்கள், இருந்தும் உன் மண்டையில் மட்டும் ஏறவில்லை. அதையும் கொஞ்சம் கற்றுக்கொள். மெஸ்ஸில் இன்னும் இரண்டு முட்டை கேட்கவாவது உதவும்.

கைக்குக் கட்டும் துணியைத் தினமும் துவைக்கிறாயா? போன தடவை பையைத் திறந்ததும் செத்த எலி நாற்றம். ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. உங்கப்பா உன்னிடம் "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்கிறாரே என்று குறைப்படாதே, அவருக்குப் போனில் கையைக் காட்ட முடியவில்லை, பாவம், வாயால் பேச இப்போதுதான் பழகுகிறார். கமலியிடம் நீ வர நினைப்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்த ரயில் ஏறி வந்து உன்னை நிஜமாகவே குத்துவாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன்னை வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று எழுதினால் இந்த பில் புத்தகம் பத்தாது. ஆனாலும் இப்போது வராதே. அடுத்த மாதம் அந்த ரிங்கில் ஏறு. அங்கே கையும் காலும் உள்ள ஒருத்தன் உன்னை அடித்துக் கீழே தள்ளினால், அன்றைக்கே ரயில் ஏறு, நான் ஸ்டேஷனுக்கே சோறு கட்டிக்கொண்டு வருகிறேன், ஏன் தோற்றாய் என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டோம். ஆளே இல்லாத மாடியிடம் தோற்றுவிட்டு மட்டும் வந்து நிற்காதே ராசா. அப்படி வந்தால் கதவைத் திறந்துவிடுவேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அம்மா